மஞ்சள் போர்டுக்கு முழுச் சுங்கம்

புணேயை ஒட்டிய தேஹு ரோடு ரயில் நிலைய வாசலில் ஷேர் ஆட்டோக்காரர்கள் கூவ ஆரம்பிப்பதற்கு முன்பே பவுனின் வேன் சாலைக்கு வந்துவிடும். ஓட்டுகிறவள் போக ஆறு பேர் உட்காரலாம். ராவேத்தில் ஒருவர், வாகடில் மூவர், வார்ஜேயில் இருவர் என்று புறவழிச்சாலை நெடுக ஆட்களை ஏற்றிக்கொள்வாள். நகரத்தைத் தாண்டி, சுங்கச்சாவடியையும் தாண்டி, தொழிற்பேட்டையில் இருக்கும் மருந்துத் தொழிற்சாலை வாசலில் கொண்டுபோய் இறக்குவாள். மாலையில் அதே ஆறு பேரை அதே வழியில் வீடு சேர்ப்பாள். ஏழு வருடமாக இதுதான் பிழைப்பு.

பவுனின் அப்பா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ராணுவத் தளவாடக் கிடங்குக்குக் கூலி வேலைக்கு வந்தவர். பவுன் பிறந்தது தேஹு ரோடில். வீட்டில் தமிழ், பள்ளியில் மராத்தி, கடைவீதியில் இந்தி என்று வளர்ந்தவள். கோபம் வந்தால் மூன்றும் ஒரே மூச்சில் வரும். வேனை முதலில் ஓட்டியது அவள் கணவன் ஜம்பு. சர்க்கரை நோய் அவன் கண்ணைத் தின்றது. லைசென்ஸ் போயிற்று. வண்டியை விற்றுவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். "பொம்பள ஓட்டுற வண்டில எவன் ஏறுவான்?" என்று ஜம்புவின் தம்பி கேட்டான். பவுன் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து கற்றுக்கொண்டு வந்து ஓட்டினாள். ஏறினார்கள். ஜம்பு அடுப்பங்கரையைப் பார்த்துக்கொண்டான். அவன் வைக்கும் காரக்குழம்பு பவுன் வைத்ததைவிட நன்றாக இருந்தது. அதைப் பவுனே ஒப்புக்கொள்வாள்.

ஜம்பு ஓட்டிய காலத்தில் வண்டிக்கு வெள்ளை நம்பர் பலகை. சொந்த உபயோகத்துக்கு என்று பதிவு செய்து, கூலிக்கு ஆள் ஏற்றுவது. அப்படி ஓட்டுகிறவர்கள் அன்றும் நிறைய, இன்றும் நிறைய. ஒரு மழை நாளில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றதில் வேன் அதன் பின்புறம் மோதியது. உள்ளே இருந்த கனகவல்லி டீச்சருக்கு முழங்கை எலும்பு உடைந்தது. காப்பீட்டுக்காரர்கள் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: டீச்சர் காசு கொடுத்து வந்தாரா? டீச்சர் உண்மையைச் சொன்னார். சொந்த வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றினால் எங்களுக்குப் பொறுப்பு இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அறுவைச் சிகிச்சைச் செலவு முழுவதையும் பவுன் தன் தாலிக்கொடியை விற்றுக் கொடுத்தாள். அதைப் பற்றி அவள் பெரிதாகப் பேசியதில்லை. கழுத்தில் தொங்குகிற உலோகத்தைவிட ஒட்டாத எலும்பு அவசரம் என்று அவளுக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

தான் ஓட்ட ஆரம்பித்ததும் முதல் வேலையாகப் பலகையை மஞ்சளாக்கினாள். பெர்மிட், தகுதிச் சான்று, வாடகை வண்டிக்கான வரி, பயணிகளுக்கும் சேர்த்துக் காப்பீடு என்று ஒவ்வொரு வருடமும் செலவு. "ஏத்துன ஆளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எவனாவது பொறுப்பு ஏத்துக்கணும் இல்ல?" என்பாள்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து ஆகஸ்டில் சுங்கத்துக்கு வருடப் பாஸ் வந்தது. மூவாயிரம் ரூபாய் கட்டினால் போதும். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளை இருநூறு முறை கடக்கலாம், அல்லது ஒரு வருடம். இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவரை. ஒரு தடவைக்குக் கணக்குப் போட்டால் பதினைந்து ரூபாய். பவுன் கடக்கும் சாவடியில் கார், வேனுக்கு ஒரு வழிக் கட்டணம் அதைப்போல எட்டு மடங்கு. தினமும் கடக்கிறவர்களுக்கு இது சாதாரணச் சலுகை இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. பாஸ் சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டும்தான், அதாவது வெள்ளைப் பலகைக்கு. மஞ்சள் பலகைக்குக் கிடையாது.

இந்த நிபந்தனையை எழுதியவர்கள் யாராக இருந்தாலும், ஒரு நாளாவது சாவடியில் நின்று, அதிகம் கடக்கிறவன் யார் என்று எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மலை பார்க்கப் போகிறவனுக்குத் தள்ளுபடி உண்டு. அதே சாவடியைத் தினம் இரண்டு முறை கடந்து வயிறு கழுவுகிறவளுக்கு இல்லை. சட்டத்தை மதித்துப் பயணியின் எலும்புக்குக் காப்பீடு எடுத்தவள் முழுச் சுங்கம் கட்ட வேண்டும். திருட்டுத்தனமாக ஆள் ஏற்றுகிற வெள்ளைப் பலகைக்காரன் பதினைந்து ரூபாயில் சிரித்துக்கொண்டே கடந்து போவான்.

பாஸ் பற்றிய செய்தியை வண்டிக்குள் கொண்டுவந்தவர் கோகுல்நாத். சென்னைக்காரர். தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பொறியாளர். வாகடில் அவருடைய அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கார் வாரம் முழுக்கத் தூசி தின்றுகொண்டிருந்தது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க," என்று ஆரம்பித்தார்.

"இப்படி ஆரம்பிச்சா தப்பாத்தான் இருக்கும். சொல்லு தம்பி."

"அடுத்த மாசத்துலேருந்து நான் என் கார்லயே வரலாம்னு இருக்கேன். பாஸ் போட்டுட்டா டோல் ஒண்ணுமே இல்ல. கூட மூணு பேர் ஷேர் பண்ணிக்கறதா சொல்றாங்க."

கூட வரப்போகிற மூன்று பேரும் வண்டியில்தான் இருந்தார்கள். மூன்று பேரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள்.

"எப்ப போடுற பாஸு?" என்று பவுன் கேட்டாள்.

"இப்ப ஆடி நடக்குதேக்கா. ஆவணி பிறக்கட்டும். எங்க மாமனார் முகூர்த்தம் பார்த்துச் சொல்றேன்னார்."

பின் இருக்கையிலிருந்து பார்கவி சிரித்துவிட்டாள். கோயம்புத்தூர்ப் பெண். அதே தொழிற்சாலையில் மருந்தின் தரம் சோதிக்கிற வேலை. "ஏனுங்க கோகுல் சார், போன்ல ஒரு பட்டன அமுக்கறதுக்கு முகூர்த்தமுங்களா? டோல் கேமராவுக்கு ராகுகாலம் தெரியுமுங்களா?"

"சிரிங்க, சிரிங்க. நல்ல காரியம் நல்ல நேரத்துல பண்ணா என்ன போச்சு?"

ஒன்றும் போகவில்லைதான். போனது பவுனுக்கு. ஆறில் நான்கு பேர் போய்விட்டால் மிச்சம் வார்ஜேயில் ஏறும் பார்கவியும் ரோஹிணிதாயியும்தான். தாயி என்றால் மராத்தியில் அக்கா. இரண்டு பேருக்காக அவ்வளவு தூரம் வண்டி ஓட்டினால் எரிவாயுவுக்கும் சுங்கத்துக்குமே சரியாகிவிடும். ஆள் சேராவிட்டால் இந்த ஓட்டத்தை நிறுத்த வேண்டியதுதான்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது ஜம்பு சொன்னான்: "மறுபடி வெள்ளைக்கே மாத்திடு. ஏஜென்ட் கிட்ட சொன்னா பத்து நாள்ல முடிச்சுக் குடுப்பான். பாஸ் போட்டுக்க. நீயும் பதினஞ்சு ரூபாதான். கூலிய குறை. எல்லாம் திரும்பி வருவாங்க."

"டீச்சர் கை மறந்துபோச்சா?"

"அது கெட்ட நேரம் பவுனு."

"நேரம் இல்ல, போர்டு. நேரம் கெட்டிருந்தா லாரிக்காரனுக்கும் கெட்டிருக்கணும். அவன் பாட்டுக்குப் போய்ட்டான்."

ஜம்பு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினான். தட்டு எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்துத்தான் ஊற்றுவான். ஒரு சொட்டு வெளியே விழாது.

கோகுல்நாத்தின் மாமனார் குறித்துக் கொடுத்த நேரத்தில் பாஸ் போட்டாயிற்று. செப்டம்பர் முதல் தேதி அவருடைய கார் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பியது. முன்கண்ணாடியில் மிளகாயும் எலுமிச்சையும் தொங்கின. அவற்றுக்குப் பக்கத்திலேயே ஃபாஸ்டாக் வில்லை. இரண்டில் எதைப் பார்த்துச் சாவடித் தடுப்பு திறந்தது என்பதை அவரிடமே கேட்க வேண்டும்.

பவுன் இரண்டு பேரோடு ஓட்டினாள். அந்த மாதம் மட்டும் பார்ப்பது, சேராவிட்டால் நிறுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அதைப் பார்கவியிடமும் சொல்லியிருந்தாள். பார்கவிக்குக் கவலை. தொழிற்சாலைப் பேருந்து வார்ஜே பக்கம் வராது. இரண்டு பஸ் மாறி, சாலையோரத்தில் நின்று, யார் வண்டியென்றே தெரியாமல் ஏறி வருவது அவளால் ஆகாது. ஒரு வருடம் அப்படி வந்து பார்த்தவள்தான் அவள்.

ஒரு நாள் காலையில் சாவடியில் நீளமான வரிசை. முன்னால் ஒரு டெம்போவின் வில்லை வேலை செய்யவில்லை. ஓட்டுநருக்கும் சாவடி ஆளுக்கும் வாய்ச்சண்டை. நின்ற இடத்துக்கு நேராகக் கட்டணப் பலகை. வருடக் கணக்காக அதைத் தாண்டிப் போகிறார்கள். நின்று படித்தது இல்லை. படிக்க முடியாத வேகத்தில் கடக்கும் இடத்தில்தானே அதை வைத்திருக்கிறார்கள். பார்கவி பொழுதுபோகாமல் படித்தாள். ஒரு வழி, போகவர, மாதப் பாஸ். கடைசியில் இன்னொரு பத்தி.

"அக்கா, இங்க பாருங்க. இந்த மாவட்டத்துல பதிவான வாடகை வண்டிக்குப் பாதிக் கட்டணம்னு போட்டிருக்கு."

பவுன் ஒரு கணம் பார்த்தாள். பிறகு கையை ஆட்டினாள். "அது பூனாக்காரங்களுக்குக் கண்ணு. நம்ம வண்டி பதினாலு."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. புணே நகரத்து வண்டிகளின் எண் எம்.எச். பன்னிரண்டில் தொடங்கும். பிம்பிரி-சிஞ்ச்வட் பக்கத்து வண்டிகளுக்கு எம்.எச். பதினாலு; தேஹு ரோடும் அதில்தான். பன்னிரண்டுக்காரர்கள் பதினாலுக்காரர்களைப் புணேக்காரர்களாகவே மதிப்பதில்லை. யாராவது சிக்னலில் தப்பாகத் திரும்பினால் முதலில் எண்ணைப் பார்ப்பார்கள். "சவ்தா!" என்பார்கள். மராத்தியில் அது வெறும் பதினாலுதான். அவர்கள் சொல்லும் தொனியில் வசவு. இந்தக் கேலியை வாழ்நாள் முழுக்கக் கேட்டு வளர்ந்த பவுன், அதை ஒரு சட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்தவன் ஏளனத்தை நம் விலாசமாக ஆக்கிக்கொள்வது எவ்வளவு சுலபமாக நடந்துவிடுகிறது!

வீட்டில் அதைச் சிரிப்பாகத்தான் சொன்னாள். ஜம்பு சிரிக்கவில்லை.

"எனக்குக் கண்ணு சர்டிபிகேட் வாங்க எங்க போனோம்?"

"ஔந்த்துக்கு."

"என்ன ஆஸ்பத்திரி?"

"ஜில்லா ஆஸ்பத்திரி."

"எந்த ஜில்லா? லண்டன் ஜில்லாவா? தேஹு ரோடு, தாலுகா ஹவேலி, ஜில்லா புணேன்னுதானே எழுதிக் குடுத்தான்? நம்பர் பன்னண்டா இருந்தா என்ன, பதினாலா இருந்தா என்ன? ஆபீஸ்தான் ரெண்டு. ஜில்லா ஒண்ணுதான்டி."

பவுன் சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஏழு வருடம்! அவளுக்கு முதலில் கோபம் வந்தது தன்மேல்தான். அப்புறம் யோசித்ததில், கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போனது. வெள்ளைப் பலகைக்காரனுக்குச் சலுகை கொடுக்க தொலைக்காட்சி, செய்தித்தாள், கைப்பேசிக் குறுஞ்செய்தி என்று ஊரெல்லாம் தண்டோரா போட்டார்கள். மஞ்சள் பலகைக்கு இருக்கிற சலுகையை மட்டும் கடைசிப் பத்தியில் எழுதி, வந்து கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் பயணிகளை இறக்கிவிட்டு, மாலை ஓட்டத்துக்கு முன் கிடைத்த நேரத்தில் சாவடி அலுவலகத்தின் முன் வண்டியை நிறுத்தினாள். வண்டிப் பதிவு, பெர்மிட், ஆதார் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில். உள்ளே மேசையில் ஒரு இளைஞன். பதிவைப் புரட்டிப் பார்த்துவிட்டு மராத்தியில் சொன்னான்: "இது பிம்பிரி பாசிங், அங்க பதிவானது. புணே ஜில்லாவுக்குத்தான் சலுகை, தாயி."

"பிம்பிரி எந்த ஜில்லா?"

"பிம்பிரின்னா... பிம்பிரி-சிஞ்ச்வட்."

"அது ஊரு. ஜில்லா கேட்டேன்."

அவன் பதிவை மறுபடி புரட்டினான். பின்னால் மூன்று நான்கு டெம்போக்காரர்கள் ஏதேதோ வேலையாக நின்றிருந்தார்கள். ஒருவன் கழுத்தை நீட்டினான்.

"நீ எங்கேருந்து வர்ற தம்பி?" என்று பவுன் கேட்டாள்.

"போசரி."

"வெளியில நிக்குற பைக் உன்னுதா? நம்பர் என்ன?"

டெம்போக்காரர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். "சவ்தா! சவ்தா!" என்று ஒரே சிரிப்பு.

"ஓட்டுப் போடுறப்ப உனக்கு எந்த ஜில்லா கலெக்டர்? சாத்தாராவா? நாசிக்கா? அரே, நீயும் பதினாலு, நானும் பதினாலு. நம்ம ரெண்டு பேரையும் நீயே ஜில்லாவ விட்டுத் தள்ளுறியே!"

பையன் சிவந்துபோய்ச் சிரித்தான். கெட்டவன் இல்லை, அவனும் அதே கேலியைக் கேட்டு வளர்ந்தவன். உள்ளறைக்குப் போய் மேலதிகாரியை அழைத்து வந்தான். அவர் பதிவை இரண்டு நிமிடம் பார்த்தார். "ஜில்லா புணேதான். எழுதிக் குடுங்க," என்றார். நகல்கள் வேண்டும், வில்லையோடு இணைக்க ஒரு வாரம் ஆகும், அதுவரை முழுக் கட்டணம்தான் என்று சொன்னார்கள். போன் பட்டனில் ஒரு நிமிடத்தில் கிடைக்கிற சலுகை ஒரு பக்கம். மூன்று தாள், இரண்டு நடை, ஒரு வாரம் என்று கிடைக்கிற சலுகை இன்னொரு பக்கம். ஆனாலும் கிடைத்தது. வெளியே வந்தபோது டெம்போக்காரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். என்னென்ன தாள் வேண்டும் என்று பவுன் வெயிலில் நின்று விரல்விட்டுச் சொன்னாள்.

ஒரு வாரத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதன்பின் ஒரு காலையில் சாவடியைத் தாண்டியதும் கைப்பேசி சிணுங்கியது. பார்கவி எடுத்துப் படித்தாள். "பாதிதாங்க அக்கா பிடிச்சிருக்கான்!" அதே நாளில் திரும்பினால் வரும் வழிக்கு ஏற்கெனவே பாதிதான் பிடிப்பார்கள். இனிமேல் போனாலும் பாதி, வந்தாலும் பாதி. மாதத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு மிச்சம். பவுன் அதைத் தான் வைத்துக்கொள்ளவில்லை. அப்படியே கூலியில் குறைத்து, போன நான்கு பேருக்கும் செய்தி அனுப்பினாள்.

குறைத்த கூலி மட்டும் அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்திருக்காது. கோகுல்நாத்துக்கு மாலை நேரக் கூட்டங்கள் அதிகம். இயந்திரம் நின்றால் அவரும் நிற்க வேண்டும். அவர் வரும்வரை மற்ற மூவரும் தொழிற்சாலை வாசலில் கொசுக்கடியில் நின்றார்கள். உறவுக்காரரிடம் சீக்கிரம் வாருங்கள் என்று சொல்லலாம். சக ஊழியரின் காரில் ஓசி மாதிரி வருகிறவர்கள் அதைக்கூடச் சொல்ல முடியாது. இதற்கிடையில் பார்கவி மதியச் சாப்பாட்டு மேசையில் கனகவல்லி டீச்சரின் முழங்கைக் கதையை ஒரு முறை, எந்த உள்நோக்கமும் இல்லாதவள் போல, சொல்லி வைத்தாள். தசரா முடிந்ததும் மூவரும் வேனுக்குத் திரும்பினார்கள். ஜன்னல் பக்கம் பார்க்காமல் பவுனைப் பார்த்தே ஏறினார்கள். பவுன் ஒரு வார்த்தை குத்தவில்லை. "கதவ நல்லா சாத்துங்க" என்றாள், அவ்வளவுதான். ஓட்டம் நிற்கவில்லை.

கோகுல்நாத் மட்டும் தன் காரிலேயே வந்தார். பாஸ் போட்டவர் சும்மா விடுவாரா?

மார்கழிக் குளிரில் ஒரு காலை. வேன் சாவடியை நெருங்கும்போது அவரிடமிருந்து அழைப்பு. பார்கவி போனை எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அக்கா, பாஸ் போச்சுக்கா! இப்ப டோல்ல முழுக் காசு புடிச்சுட்டான். வருஷப் பாஸுன்னு சொன்னான், நாலு மாசம்தான் ஆச்சு!"

"இருநூறு தடவை முடிஞ்சிருக்கும் சார்," என்றாள் பார்கவி. "தினம் ரெண்டு தடவையாச்சுங்களே. முகூர்த்தம் பார்த்தவரு இதப் பாக்கலீங்களா?"

வண்டிக்குள் சிரிப்பு. மறுமுனையில் கோகுல்நாத்தும் சிரித்தார். "கிண்டல் பண்ணாதீங்க. ஓரமா நிறுத்தி இன்னொண்ணு வாங்கிட்டேன். ரெண்டு நிமிஷம்தான்."

"மார்கழி ஆச்சுங்களே சார்?"

"ஐயோ ஆமால்ல," என்றார் அவர். போனை வைத்துவிட்டார்.

பவுன் சிரித்துக்கொண்டேதான் சாவடிக்குள் நுழைந்தாள். தடுப்பு உயர்ந்தது. கைப்பேசி சிணுங்கியது. பாதிக் கட்டணம். கோகுல்நாத் ஒருவர் மட்டும் உட்கார்ந்து போகிற காருக்குப் பதினைந்து. பவுனையும் சேர்த்து ஆறு பேர் போகிற வேனுக்கு அதைப்போல நான்கு மடங்கு. இதுவும் சலுகை விலையில்தான்.

கொஞ்ச தூரம் போனபின் பவுன் கேட்டாள்: "மஞ்சள் போர்டுக்குப் பாஸ் கிடையாதுன்னு எழுதுனாங்களே, அந்த ஆபீஸ் எங்க இருக்கு கண்ணு?"

"டெல்லிலங்க அக்கா."

"தேஹு ரோடுலேருந்து டெல்லிக்கு வழியில எத்தன டோல் வருதுன்னு போன்ல பாத்துச் சொல்லு."